பல் விட்ட சுவர்

மடத்துச் சுவர் பாதியில் நின்றுபோன வைகாசிக் கடைசியில், உலகம்மாள் ஒரு கேள்வியோடு வந்தாள். பையில் ஒரு உளியும் சுத்தியலும் வைத்திருந்தாள்.

தென்காசிப் பக்கத்தில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. வீடு கட்டுகிற குடும்பம். புருஷன் சிதம்பரம் கல் வைப்பார். மகன் குற்றாலிங்கம் கல்லும் வைப்பான், பூச்சும் பூசுவான். மருமகள் தரைக்கல் பதிப்பாள். இத்தனை பேரையும் ஏவி வேலை வாங்குவது உலகம்மாள். ஒரே லோடு ஆட்டோவில் குடும்பத்தோடு வந்து இறங்கி, வேலை நடக்கிற இடத்திலேயே கல் கூட்டி அடுப்பு வைத்து, பொங்கித் தின்று வேலை பார்ப்பார்கள். புது வீடும் கட்டுவார்கள், பழைய வீட்டைத் திருத்தியும் கொடுப்பார்கள். தொட்ட வேலையை முடிக்காமல் இறங்க மாட்டார்கள் என்று ஊரில் பேர்.

அவர்கள் வேலைதான் மடத்தில் பாதியில் நின்றது. வழிப்போக்கர்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம். மூன்று பக்கச் சுவர் எழும்பிவிட்டது. நாலாவது சுவர் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

மடத்துச் சாமிக்கு உலகம்மாளைவிட வயது குறைவு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவாள். ஆனால் வேலை நடக்கிற நாளில் எல்லாம் தலைகீழ். சாமி கேட்பார், அவள் சொல்வாள்.

சாமிக்கு எதைப் பார்த்தாலும் அதிசயம். மட்டக்குழாயில் தண்ணீர் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே உயரத்தில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு அக்கா சொல்லிக் கொடுத்தது?" என்று ஒருநாள் கேட்டார். குற்றாலிங்கம் சிரித்த சிரிப்பில் சாந்துச் சட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

அதெல்லாம் அவன் கூட இருந்தபோது.

உலகம்மாள் வந்த நேரம், சாமி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சமையல்காரர் தங்கப்பழம் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"உட்காருங்க அக்கா."

"உட்கார நேரமில்ல. பற்றை அறுக்கணும், பற்றை அறுக்கணும்னு சொல்லுதாங்களே. அதை எப்படி அறுக்கது?"

"யாரு சொல்லுதா?"

"நீங்கதான். போன வெள்ளிக்கிழமை."

"அப்படியா?" சாமி ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் பார்த்தார். "எந்தப் பற்றை அக்கா?"

"பெத்த பிள்ளை மேல இருக்கதை."

தங்கப்பழம் துருவுவதை நிறுத்தினார்.

"பையில என்ன அக்கா?"

"உளி. அது சுவருக்கு. கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"சொல்லுதேன். முதல்ல, தம்பி என்ன பண்ணுனாரு?"

உலகம்மாள் முந்தானையை உதறிவிட்டுத் தூணில் சாய்ந்தாள். நேரமில்லை என்றவள் உட்கார்ந்தே விட்டாள்.

"இலஞ்சியில ஒரு வீட்டுல அடுக்களை திருத்துற வேலை சாமி. சுவர்ல அலமாரி வைக்கச் சொன்னாங்க. எங்க வேலையில அலமாரி ஒரு உயரம்னா எல்லா வீட்டுலயும் அதே உயரந்தான். இவன் நாலு விரல் இறக்கி வச்சிட்டான்."

"ஏன்?"

"வீட்டுக்காரம்மா குட்டை. எட்டலன்னு சொல்லிச்சாம்."

"சரி."

"என்ன சரி? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லியா? நான் வந்து பாத்தா பலகை தாழ இருக்கு. 'இடிலே'ன்னேன். இடிச்சான்."

"இடிச்ச பிறகு?"

உலகம்மாள் கொஞ்சம் தயங்கினாள்.

"பிறகு அந்தம்மா வந்து எட்டல, இறக்கி வைங்கன்னு சொல்லிச்சு. இறக்கித்தான் வச்சோம்."

தங்கப்பழம் தேங்காய் மூடியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்காதிங்க அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள்.

"நான் எங்க சிரிச்சேன்? தேங்காய்ல கண்ணு இருக்கான்னு பாத்தேன்."

"இடிக்கச் சொன்னதுக்கா தம்பி கோவிச்சுக்கிட்டாரு?" என்றார் சாமி.

"இல்ல." அவள் குரல் இறங்கியது. "இடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னேன். வீட்டுக்காரங்க, எலெக்ட்ரிக் வேலைக்காரங்க, அவன் பொஞ்சாதி, எல்லாரும் நின்னாங்க. 'உங்க அப்பா கைக்கு நீ சித்தாளாக்கூட ஆக மாட்டே'ன்னேன்."

முற்றத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கீரைக் காம்பைக் கொத்திக்கொண்டு போனது.

"வாயில வந்துட்டு சாமி. வேலைன்னா வாயில வராதா? அவன் ஒண்ணும் பேசல. அந்த வேலையை முடிச்சோம், இங்கன வந்தோம். இந்தச் சுவரைத் தொட்டவன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோத்துக்கு முன்னால உட்கார்ந்து, 'நான் தனியாப் பாத்துக்கிடுதேன்மா'ன்னான். பாவூர்சத்திரத்துல ஒரு வீடு பேசிட்டானாம். எங்களுக்குத் தெரியாம."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? இலையை மடக்கிட்டு எந்திரிச்சேன். அவரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பிப் பாக்கல. அதுக்குப் பிறகு இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் வாரேன்."

"அதனாலதான் இத்தனை நாளு ஆளைக் காணோம்" என்றார் தங்கப்பழம்.

"வெள்ளிக்கிழமை வந்தேன்லா?"

"வந்தீங்க. கோயில் வழியா வந்து கோயில் வழியாப் போயிட்டீங்க. இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல."

உலகம்மாள் சாமியைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்ப என்ன சங்கதின்னா, நாளைக்கு அந்த வீட்டுக்கு நிலை வைக்கான். ஆனி பிறக்கதுக்குள்ள வச்சிரணும்னு. எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு சாமி. யாரு வீடா இருந்தாலும், வீட்டுக்காரம்மா நிலைக்கு மஞ்சள் தடவின பிறகு, நிலைக்காலுக்கு அடியில முதக் கரணைச் சாந்து நான்தான் போடுவேன். நான் சித்தாளா இருந்த காலத்துலருந்து அப்படி. என் கை ராசின்னு அவரு சொல்லுவாரு."

"தம்பி கூப்பிட்டாரா?"

"வெத்தில பாக்கு வச்சு நேத்து மருமகளை எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கான். 'அத்தை வந்து முதக் கரணை போடணும்னு சொல்லச் சொன்னாக'ன்னு அவ வந்து நிக்கா. ஏன், அவனுக்குக் கால் இல்லையா? வாசல்வரைக்கும் ஆட்டோவுல வந்துட்டு, ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்கான் சாமி! முதுகு மட்டும் தெரியுது."

"நீங்க வெளிய போய்ப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் போகணும்? அவன்லா இறங்கி வரணும்."

"வெத்திலையை வாங்கிக்கிட்டீங்களா?"

"தட்டோட அங்கனயே இருக்கு. எடுக்கவும் இல்ல, திருப்பிக் கொடுக்கவும் இல்ல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு சொல்லிட்டாரு. நீ போனா நான் வாரேன், நீ போகலன்னா நானும் போகலன்னு. ராத்திரியெல்லாம் சாமி படத்து முன்னால உட்கார்ந்து பாத்துட்டேன். முருகா, ஒண்ணு போன்னு சொல்லு, இல்லாட்டி இந்தப் பாசத்தை அத்துப்போடுன்னு. ஒண்ணும் கேக்கல. அதான் இங்க வந்தேன். எனக்கு அறுத்தாப் போதும். அறுத்துட்டா வலிக்காதுல்லா?"

சாமி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க அக்கா. சுவரைப் பாக்கலாம்."

"நான் கேட்டது?"

"நடந்துக்கிட்டே யோசிக்கேன்."

கூடத்துப் பக்கம் போனார்கள். பாதிச் சுவர் ஆள் உயரத்தில் நின்றது. அதன் ஓரம் நேராக இல்லை. ஒரு வரியில் செங்கல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் உள்ளே வாங்கியிருந்தது. அதற்கு மேல் மறுபடி நீட்டல், மறுபடி உள்ளே. அடியிலிருந்து உச்சி வரை அப்படியே.

உலகம்மாளுக்கு அதைப் பார்த்த உடனே முகம் சுருங்கிவிட்டது.

"பாருங்க சாமி. பல்லிளிச்சுக்கிட்டு நிக்குது. எங்க வேலையில எந்த ஓரத்தை வேணும்னாலும் தடவிப் பாருங்க, கத்தி மாதிரி இருக்கும். வாரவன் போறவன் எல்லாம் பாத்தா என்ன சொல்லுவான்? உலகம்மா பாதியில ஓடிட்டாம்பான்."

"என்ன பண்ணலாம்?"

"இந்த நீட்டிக்கிட்டிருக்கதை எல்லாம் வெட்டி, ஓரத்தை நேராக்கிப் பூசிருதேன். சுவர் இத்தோட முடிஞ்சுதுன்னு இருக்கட்டும். மிச்ச இடத்துக்கு ஓலைத் தட்டி வச்சுக்கிடலாம். அவரும் நானும் மட்டும் இதுக்கு மேல கட்ட முடியாது சாமி, உங்ககிட்டச் சொல்லதுக்கு என்ன."

"சரி, வெட்டிருவோம்" என்றார் சாமி. "உளியைக் கொடுங்க. நான் இதுவரைக்கும் ஒரு கல்லு வெட்டினதில்ல."

"நீங்களா?"

"ஆசையா இருக்கு."

தங்கப்பழம் துருவிய தேங்காயோடு பின்னாலேயே வந்துவிட்டார். "சாமி, சாயங்காலம் பூசை இருக்கு. விரல் வேணும்."

சாமி உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கல்லின் மேல் உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். உளியில் பட்டது பாதி, பெருவிரலில் பட்டது பாதி.

"ஐயோ, அண்ணாச்சி சொன்னாங்கல்லா!" உலகம்மாள் விரலைப் பிடித்து வாயால் ஊதினாள். பிள்ளைக்கு ஊதுவதுபோல ஊதிவிட்டு, சாமி என்பது ஞாபகம் வந்து கையை விட்டாள்.

சாமி விரலை உதறிக்கொண்டே கல்லைக் குனிந்து பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த கல் உடையவில்லை. அது வெளியே எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு உள்ளேயும் போயிருந்தது. அடித்த அடியில் உள்ளே இருந்த பாதியும் சேர்ந்து ஆடி, சாந்தில் மயிரிழையாய் ஒரு கீறல் விழுந்திருந்தது.

"இது ஏன் அக்கா? நான் வெளியே இருக்கதைத்தானே அடிச்சேன்?"

"வெளியே இருக்கதும் உள்ள இருக்கதும் ஒரே கல்லுல்லா சாமி. இங்க அடிச்சா அங்க ஆடத்தான் செய்யும். அதுக்குப் பக்குவமா வெட்டணும். கொண்டாங்க இங்க."

சாமி உளியைக் கொடுக்கவில்லை.

"இதை ஏன் இப்படி வச்சிருக்காங்க? கல்லு தீந்துபோச்சா?"

"இல்ல. இதுக்குப் பேரு பல்லு. சுவரைப் பாதியில நிறுத்தினா பல்லு விடுவாங்க. பிறகு வந்து கட்டுறவன் அவன் கல்லை இந்தச் சந்துக்குள்ள கொண்டுபோய்ச் சொருகுவான். இது நீட்டுற இடத்துல அது உள்வாங்கும், இது உள்வாங்குற இடத்துல அது நீட்டும். கைவிரலைக் கோத்த மாதிரி." அவள் தன் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினாள். "அப்படிக் கட்டினா ரெண்டும் ஒரே சுவராயிரும்."

"பல்லு விடாம நேரா நிறுத்தி, பிறகு சேர்த்துக் கட்டினா?"

"ஒட்டி நிக்கும். ஆனா சேராது. எத்தனை தரம் பூசினாலும் அந்த இடத்துல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு விழும். வெள்ளையடிச்சாலும் தெரியும்."

"அடேயப்பா" என்றார் சாமி. உள்ளபடியே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்லையும் சந்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். "பல்லு இருந்தாப் போதுமா? எப்ப வேணும்னாலும் வந்து கட்டலாமா?"

"கட்டலாம். ஆனா நல்லா நனைக்கணும். வெயில்ல கெடந்த கல்லு சாந்துல இருக்க தண்ணியை எல்லாம் உறிஞ்சிரும். காஞ்ச கல்லு ஒட்டாது சாமி. என்ன செஞ்சாலும் ஒட்டாது."

"பல்லு விடுறது கஷ்டமா, நேரா நிறுத்துறது கஷ்டமா?"

"நேரா நிறுத்துறதுல என்ன இருக்கு? அரைக் கல்லை வச்சு அடைச்சுக்கிட்டே போயிரலாம். பல்லுன்னா ஒவ்வொரு வரிக்கும் முழுக் கல்லாப் பாத்து எடுக்கணும், ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா இருக்கான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாக்கணும். ஒரு கல்லு பிசகினாலும் பின்னால வாரவனுக்கு உள்ள போகாது. பொறுமையில்லாதவன் செய்ய மாட்டான்."

சொல்லிக்கொண்டே உலகம்மாள், பழக்கத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த கல்லெல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. உள்வாங்கிய கல்லெல்லாம் இன்னொரு கோட்டில் இருந்தன. சந்துக்குள் வழிந்த சாந்தைக்கூட மகன் சுரண்டித் துடைத்திருந்தான்.

அவள் மூடின கண்ணைத் திறக்க மறந்துவிட்டாள்.

"கோவத்துல போறவங்க பொறுமையா இருப்பாங்களா அக்கா?" என்றார் சாமி. ஏதோ தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

பதில் சொன்னது தங்கப்பழம்.

"நீங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போனீங்கள்லா, அதுக்குப் பிறகும் தம்பி இங்கனதான் நின்னாரு. பொழுது விழற வரைக்கும் தனியாக் கல்லு வச்சுக்கிட்டிருந்தாரு. சோறு அப்படியே இருந்துச்சு. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், அதையும் குடிக்கல. 'இன்னுமா தம்பி முடியல? கிளம்புங்க'ன்னேன். 'ஓரத்தை முடிச்சிட்டுப் போயிருதேன் அண்ணாச்சி'ன்னாரு."

"எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லியே!"

"நீங்க எங்க இந்தப் பக்கம் வந்தீங்க?"

சாமி சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நேரா நிறுத்தியிருந்தா தம்பி எப்ப வீட்டுக்குப் போயிருப்பாரு அக்கா?"

"மத்தியானமே போயிருப்பான்" என்று உலகம்மாள் பட்டென்று சொன்னாள். வேலைக் கணக்கு கேட்டால் அவளுக்கு அப்படித்தான், வாய் முந்திக்கொள்ளும்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

சுவருக்குப் பக்கத்தில் போனாள். சாமி அடித்த இடத்தில் விழுந்திருந்த கீறலை விரலால் தடவினாள். ஒரு சந்துக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. காற்று குளிர்ந்து வந்தது.

"அப்ப, நாளைக்கு நான் போகணும்னு சொல்லுதீங்க" என்றாள், திரும்பாமலே.

"நான் எங்க சொன்னேன்? எனக்கு வேற ஒரு சந்தேகம்."

"இன்னும் என்ன?"

"இது தம்பி விட்ட பல்லு. வந்து சேருற பக்கத்துக்கும் பல்லு வேணும்னு சொன்னீங்கல்லா? இது நீட்டுற இடத்துல அது உள்வாங்கணும்னு?"

"ஆமா."

"அந்தப் பக்கம் எங்க அக்கா?"

உலகம்மாள் சுவருக்கு எதிரே வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே அஸ்திவாரம் மட்டும் இருந்தது. அதன் மேல் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

சந்துக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள்.

"அது இன்னும் கட்டல சாமி."

சாமி உளியை நீட்டினார். அவள் வாங்கினாள். சுத்தியலையும் வாங்கினாள். இரண்டையும் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டாள். சாமியை விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது முகத்தைக் காட்டாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்நேரம் சாரல் பிடித்தது. முதலில் பொடிப்பொடியாக விழுந்தது. பிறகு செங்கல்லின் நிறம் மாறுகிற அளவுக்கு வலுத்தது.

"சாமி, சுவரு நனையுதே" என்றார் தங்கப்பழம். "தார்ப்பாய் எடுத்துப் போடட்டுமா?"

உலகம்மாள் மழையில் தலையை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றார் சாமி. "காஞ்சா ஒட்டாதுன்னு அக்கா சொன்னாங்கல்லா. நனையட்டும்."